எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பின் எடை திரும்பினால்: செய்ய வேண்டியவற்றின் வரிசை

உடல் பருமனுக்காகச் செய்யப்படும் அறுவைச் சிகிச்சைகளில் இன்று பரவலாக உள்ளவை இரண்டு. இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கை வெட்டி அகற்றி, எஞ்சியதை ஒடுங்கிய குழாயாக விட்டுவைப்பது ‘ஸ்லீவ்’ எனப்படுகிறது. இரைப்பையின் மேற்பகுதியில் சிறிய பை ஒன்றை அமைத்து, அதனைச் சிறுகுடலின் சற்றுக் கீழான பகுதியோடு நேரடியாக இணைப்பது ‘பைபாஸ்’ எனப்படுகிறது. இரண்டிலுமே, பெரும்பாலோர் தம் மிகக் குறைந்த எடையை முதல் 12 முதல் 24 மாதங்களுக்குள் அடைகின்றனர்; அதன்பின் ஓரளவு எடை கூடுவது எதிர்பார்க்கத் தக்கதே. சுவீடனில் 1987இல் தொடங்கிப் பல ஆண்டுகள் நீடித்த பெரிய ஆய்வில், பைபாஸ் செய்துகொண்டவர்கள் முதல் ஓரிரு ஆண்டுகளில் சராசரியாக 32 விழுக்காடு எடையை இழந்திருந்தனர். பத்தாம் ஆண்டில் அந்த இழப்பு 25 விழுக்காடாக இருந்தது.

இதற்கு உடலியல் காரணம் உண்டு. எடை குறைந்த உடல், ஓய்வில் இருக்கும்போதும் முன்பைவிடக் குறைவான ஆற்றலையே செலவிடுகிறது. கொழுப்பு உயிரணுக்கள் சுரக்கும் லெப்டின் என்னும் நிறைவுணர்வு ஹார்மோன் குறைந்துபோவதால், மூளை அதனைப் பஞ்சகாலமாகக் கருதிப் பசியைத் தூண்டுகிறது. எடை திரும்புவதை ஒழுக்கக் குறைவாகக் கருதி வெட்கப்படுவோர் மருத்துவரின் தொடர் பரிசோதனையைத் தவிர்த்துவிட்டுத் தாமாகவே உணவைக் கடுமையாகக் குறைக்க முற்படுகின்றனர். காரணம் கண்டறியப்படாமலே போவதால், குறைந்த எடை மீண்டும் ஏறுகிறது. ஆகவே இங்கு முதன்மையானது வரிசை: முதலில் அளவு, பிறகு காரணம், அதன்பின் சத்துக்குறைவைச் சரிசெய்தல், பிறகே உணவும் உடற்பயிற்சியும், தேவையானால் மட்டும் மருந்தும் மறுசிகிச்சையும்.

முதல் படி: திரும்பிய எடையைக் கணக்கிடுதல்

அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய எடை, அதன்பின் எட்டிய மிகக் குறைந்த எடை, இன்றைய எடை ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். 120 கிலோவிலிருந்து 80 கிலோவுக்கு இறங்கிய ஒருவர் இன்று 90 கிலோ இருந்தால், இழந்த 40 கிலோவில் 10 கிலோ, அதாவது 25 விழுக்காடு திரும்பியுள்ளது என்று பொருள். 30 கிலோ இழப்பு இன்னும் கைவசம் உள்ளது என்பதும் அதே கணக்கில் தெரிகிறது. எவ்வளவு கூடினால் ‘எடை திரும்பியது’ எனலாம் என்பதற்கு மருத்துவ உலகில் ஒரே வரையறை இல்லாவிடினும், இழந்த எடையின் விழுக்காடாகக் கணக்கிடும் இம்முறை உடல்நல விளைவுகளோடு நெருங்கிப் பொருந்துவதாக அமெரிக்காவில் பைபாஸ் செய்துகொண்டவர்களைப் பின்தொடர்ந்து 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. எடையோடு இடுப்புச் சுற்றளவையும், எடை எந்த மாதத்திலிருந்து ஏறத் தொடங்கியது என்பதையும் குறித்துக்கொள்வது அடுத்த படிக்கு உதவும். சில மாதங்களில் மளமளவென்று ஏறிய எடைக்கும், ஐந்தாறு ஆண்டுகளில் மெல்ல ஏறிய எடைக்கும் காரணங்கள் வேறாக இருக்கலாம்.

இரண்டாம் படி: காரணத்தைத் தேடுதல்

அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவரிடமோ, அது இயலாதபோது இத்துறையில் பழகிய வேறு மருத்துவரிடமோ செல்லும்போது, டிஸ்சார்ஜ் சம்மரியையும் அறுவைக் குறிப்பையும், தற்போது உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் கொண்டுசெல்ல வேண்டும். மருந்துப் பட்டியல் குறிப்பாக இன்றியமையாதது. இன்சுலின், கிளிமிபிரைடு போன்ற சில நீரிழிவு மருந்துகள், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுகள், ஓலன்சபின், மிர்டசபின் போன்ற மனநல மருந்துகள், வலிப்புக்குத் தரப்படும் வால்புரோயேட் ஆகியவை எடையைக் கூட்டக்கூடியவை. இவற்றைத் தாமாக நிறுத்துவது பேராபத்தாகலாம் என்பதால், மாற்று உண்டா என்று எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே கேட்க வேண்டும்.

தைராய்டு சுரப்புக் குறைவு, மாதவிடாய் நிற்கும் பருவம், மகப்பேறு, மனச்சோர்வு, குறட்டையோடு மூச்சுத் தடைபடும் உறக்கக் கோளாறு ஆகியவற்றையும் மருத்துவர் கருத்தில் கொள்வார். இவற்றுள் விடை கிடைக்காதபோது, அல்லது சிறிது உண்டாலே ஏற்பட்ட நிறைவுணர்வு முற்றிலும் மறைந்துவிட்டபோது, எண்டோஸ்கோப்பி வழியாகவோ, பேரியம் கரைசலைக் குடிக்கச் செய்து எடுக்கும் எக்ஸ்ரே வழியாகவோ உள்ளமைப்பு ஆராயப்படுகிறது. ஸ்லீவ் குழாய் விரிந்திருத்தல், பைபாஸில் பையும் குடலும் சேரும் வாய் அகன்றிருத்தல், பிரிக்கப்பட்ட பழைய இரைப்பைக்கும் புதிய பைக்கும் இடையே புழை தோன்றியிருத்தல் ஆகியவை இச்சோதனைகளில் தெரியவரும். அமைப்பில் இத்தகைய கோளாறு இருப்பின், உணவுக் கட்டுப்பாடு மட்டும் அதனை ஈடுசெய்யாது.

மூன்றாம் படி: சத்துக்குறைவைச் சரிசெய்தல்

எடை கூடியிருப்பவருக்குச் சத்துக்குறைவு இராது என்பது தவறான எண்ணம். ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், வைட்டமின் பி12, ஃபோலேட், வைட்டமின் டி, கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி ஆகிய இரத்தப் பரிசோதனைகளை உணவைக் குறைப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும்; இரத்தசோகையால் படியேறவே மூச்சிரைக்கும் ஒருவரால் உடற்பயிற்சி அட்டவணையைப் பின்பற்ற முடியாது. கைவிட்டிருந்த வைட்டமின் மாத்திரைகளை மருத்துவர் குறிக்கும் அளவில் மீண்டும் தொடங்கும்போது, கால்சியத்தையும் இரும்பையும் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளியில் உட்கொள்ள வேண்டும். தேநீரும் காபியும் இரும்பு உடலில் சேர்வதைத் தடுப்பதால், இரும்பு மாத்திரையை அவற்றோடு சேர்த்து விழுங்கலாகாது.

நான்காம் படி: உணவை மீண்டும் ஒழுங்குக்குக் கொண்டுவருதல்

ஏழு நாள்களுக்கு எதையும் மாற்றாமல், உண்பதையும் பருகுவதையும், நேரத்தோடும் அப்போதைய பசி அல்லது மனநிலையோடும் எழுதிவைப்பதே இப்படியின் தொடக்கம். அக்குறிப்பில் பெரும்பாலும் மூன்று பழக்கங்கள் வெளிப்படும்.

முதலாவது, கொறித்தல். சுருங்கிய இரைப்பை ஒரே வேளையில் அதிகம் ஏற்காவிடினும், முறுக்கு, மிக்சர், பிஸ்கட் போன்றவற்றை நாள் முழுதும் சிறிது சிறிதாக ஏற்கத் தடையேதும் இல்லை. இதற்குத் தீர்வு, மூன்று வேளை உணவையும் ஒரு சிற்றுண்டியையும் நேரம் குறித்து உண்பதும், இடைவேளைகளில் தண்ணீரைத் தவிர எதையும் தொடாதிருப்பதும் ஆகும்.

இரண்டாவது, குழைந்த உணவிலேயே தங்கிவிடுதல். சிகிச்சைக்குப் பிந்தைய முதல் வாரங்களில் கஞ்சி, கூழ், ரசஞ்சோறு போன்றவை தேவையாக இருந்தன. ஆனால் அவை மெல்லப்படாமலே இறங்கி, இரைப்பையில் தங்காமல் விரைந்து கடந்துவிடுவதால், ஆற்றலைத் தந்தும் நிறைவைத் தருவதில்லை. நன்கு மென்று உண்ண வேண்டிய முட்டை, மீன், கோழி, பனீர், சுண்டல், காய்கறிப் பொரியல் ஆகியவற்றுக்குத் திரும்புவது இதனால் அவசியமாகிறது. திட உணவு உண்டாலே அடைப்பதுபோல் தோன்றுவதாலோ வாந்தி வருவதாலோ ஒருவர் குழைந்த உணவை நாடியிருப்பின், இரைப்பைப் பாதை குறுகியிருக்கக்கூடும் என்பதால், முதலில் பரிசோதனையே தேவை.

மூன்றாவது, பருகும் சர்க்கரை. நாளொன்றுக்கு மூன்று காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை என்றால், ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரையும் 120 கலோரியும் உணவுக் கணக்கில் வராமலே சேர்கின்றன. பழச்சாறும் குளிர்பானமும் மால்ட் கலந்த பானங்களும் இதே வகையின.

இம்மூன்றையும் திருத்தும்போது, நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் என்னும் இலக்கை அச்சாகக் கொள்ளலாம். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் கூறும் அளவையே பின்பற்ற வேண்டும். காலையில் இரண்டு முட்டையில் 12 கிராமும், மதியம் 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராமும், மாலையில் 100 கிராம் வேகவைத்த கொண்டைக்கடலையில் 8 முதல் 9 கிராமும், இரவில் 100 கிராம் பனீரில் ஏறத்தாழ 18 கிராமும், ஒரு சிறு கிண்ணம் தயிரில் 3 கிராமும் கிடைப்பதால், இவ்விலக்கு வழக்கமான சமையலறைக்குள்ளேயே எட்டக்கூடியது. சைவ உணவினர் முட்டைக்கும் மீனுக்கும் மாற்றாகச் சோயா உருண்டையையும் பயறு வகைகளையும் கொள்ளலாம். உலர்ந்த சோயா 50 கிராமில் ஏறத்தாழ 25 கிராம் புரதம் உண்டு. இரண்டு இட்லியும் சட்னியும் மட்டுமேயான காலை உணவில் புரதம் சொற்பம்; ஓர் இட்லியைக் குறைத்து, முட்டையோ கெட்டியான பருப்புச் சாம்பாரோ சேர்த்தால் அதே தட்டு நெடுநேரம் பசி தாங்கும்.

தட்டில் முதலில் புரதம், அடுத்துக் காய்கறி, இறுதியில் சோறு என்ற வரிசையில் உண்பதும், ஒரு வேளை உணவை 20 முதல் 30 நிமிடங்களில் நிதானமாக முடிப்பதும், உணவோடு தண்ணீர் பருகாமல் உண்டு அரை மணி நேரம் கழித்துப் பருகுவதும் சிகிச்சையின்போது கற்பிக்கப்பட்ட விதிகளே. எடை ஏறும் காலத்தில் முதலில் கைநழுவுபவையும் இவையே. இணையத்தில் உலவும் ‘ஐந்து நாள் திரவ உணவால் இரைப்பையைச் சுருக்கலாம்’ என்ற முறைக்கு அறிவியல் சான்று இல்லை. விரிந்த பையைப் பட்டினி சுருக்காது, முதலில் குறைவது பெரும்பாலும் உடல்நீரே.

பைபாஸ் செய்துகொண்டவர்கள் சிலருக்கு, இனிப்போ மாவுப்பொருளோ உண்ட ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் இரத்தச் சர்க்கரை திடீரென்று சரிந்து, வியர்வை, நடுக்கம், படபடப்பு தோன்றுகின்றன. அதைத் தணிக்க மீண்டும் இனிப்பை உண்பதால் சுழற்சி தொடர்ந்து எடையும் ஏறுகிறது. இவ்வறிகுறிகள் உள்ளோர் அவ்வேளையில் குளுக்கோமீட்டரால் சர்க்கரையைப் பார்த்துக் குறித்து மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஐந்தாம் படி: உடற்பயிற்சி

வாரத்துக்கு 150 நிமிட விரைவு நடை தொடக்க இலக்காகவும், 250 நிமிடத்துக்கு மேல் நெடுநாள் இலக்காகவும் அமையலாம். நடையோடு நின்றுவிடாமல், நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல், தண்ணீர்ப் புட்டிகளைத் தூக்குதல் போன்ற தசைவலுப் பயிற்சிகளை வாரம் இரு நாள் செய்வது தசையைக் காத்து, உடலின் ஆற்றல் செலவு மேலும் சரியாமல் தடுக்கிறது. மூட்டுவலிக்கெனக் கடையில் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளை வாங்கி விழுங்குவது, குறிப்பாகப் பைபாஸ் செய்தவர்களுக்கு, இணைப்பிடத்தில் புண்ணை உண்டாக்கக்கூடும்.

ஆறாம் படி: மனம், உறக்கம், மது

பசியின்றியும் நிறுத்த இயலாமலும் உண்ணும் நிலை ஒரு மருத்துவச் சிக்கலாகும். அறிவுசார் நடத்தைச் சிகிச்சை எனப்படும் உளவியல் முறையால் அது தணியக்கூடியது. உறக்கம் குறையும்போது பசி ஹார்மோன்கள் மிகுவதால், இரவுப் பணியும் நள்ளிரவு வரை நீளும் கைப்பேசிப் பயன்பாடும் எடைக் கணக்கில் சேர்க்கப்பட வேண்டியவை. மது, பைபாஸுக்குப் பின் விரைவாகவும் மிகுதியாகவும் இரத்தத்தில் கலக்கிறது. கலோரியோடு அடிமைப் பழக்கத்தின் ஆபத்தையும் கூட்டுவதால், அதை முற்றாகத் தவிர்ப்பதே ஏற்றது.

ஏழாம் படி: மருந்தும் மறுசிகிச்சையும்

மேற்கண்டவற்றைச் சில மாதங்கள் கடைப்பிடித்தும் எடை இறங்காதபோது, அல்லது நீரிழிவும் இரத்த அழுத்தமும் திரும்பும்போது, மருந்தை நாடுவது முறையானதே. குடல் சுரக்கும் ஜிஎல்பி-1 என்னும் நிறைவுணர்வு ஹார்மோனைப் போலச் செயல்படும் லிராகுளூடைடு, செமாகுளூடைடு, அதனோடு மற்றொரு குடல் ஹார்மோனின் வேலையையும் செய்யும் டிர்செபடைடு ஆகியவை இவ்வகையின. அறுவைச் சிகிச்சையால் போதிய பயன் பெறாதவர்களிடம் பிரிட்டனில் 24 வாரம் நடத்தப்பட்டு 2023இல் வெளியான ஆய்வில், லிராகுளூடைடு பெற்றவர்கள் சராசரியாக 9 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவான எடையை இழந்தனர். போலி மருந்து பெற்றோர் ஒரு விழுக்காடும் இழக்கவில்லை. இந்தியாவில் டிர்செபடைடு 2025 மார்ச்சிலும், எடைக்குறைப்புக்கான செமாகுளூடைடு ஊசி அதே ஆண்டு ஜூனிலும் விற்பனைக்கு வந்தன. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் ஆகியன இவற்றின் பொதுவான பக்கவிளைவுகள். நிறுத்தினால் எடை திரும்பும் வாய்ப்பு உண்டு. கருவுற்றவர்களுக்கும் கருவுறத் திட்டமிடுவோருக்கும் இவை ஏற்றவை அல்ல.

அமைப்புக் கோளாறு உறுதிப்பட்டவர்களுக்கு, அகன்ற இணைப்பு வாயை எண்டோஸ்கோப்பி வழியே தையலிட்டுச் சுருக்குவதும், ஸ்லீவைப் பைபாஸாக மாற்றுவதும் உள்ளன. இரண்டாம் முறை அறுவையில் சிக்கல்கள் முதல் முறையைவிட மிகுதி என்பதால், அதன் பயனையும் ஆபத்தையும் மருத்துவக் குழுவோடு ஒப்பிட்டுப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

காத்திருக்கலாகாத அறிகுறிகள்

கடும் வயிற்றுவலி, கறுத்த மலம், இரத்த வாந்தி ஆகியவற்றுக்கு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஓயாத வாந்தியோடு பார்வை இரட்டிப்பதும் நடை தள்ளாடுவதும் குழப்பமும் சேர்ந்தால், அது தயமின் என்னும் வைட்டமின் பி1 குறைந்ததன் அடையாளமாக இருக்கலாம். சிகிச்சை தாமதித்தால் மூளைப் பாதிப்பு நிலைத்துவிடும்.

தொடர் கண்காணிப்பு

வாரம் ஒருமுறை, ஒரே நாளில், ஒரே நேரத்தில் எடை பார்த்துக் குறிப்பதும், முதல் ஆறு மாதங்களுக்கு மருத்துவரையும் உணவியல் வல்லுநரையும் மாதந்தோறும் சந்திப்பதும், இரத்தப் பரிசோதனைகளை ஆண்டுக்கு ஒருமுறையேனும் செய்வதும் தொடர வேண்டியவை. எடை நிலைபெற்றபின், அதற்கு மேல் மூன்று கிலோ கூடினால் மருத்துவரை அழைப்பது என்று முன்கூட்டியே வரையறுத்துக்கொள்வது நன்று. மூன்று கிலோவில் தேடப்படும் காரணத்தைத் திருத்துவது, முப்பது கிலோவில் தேடப்படும் காரணத்தைத் திருத்துவதைவிட எளிது.