உள்ளே போனால் ஏன் தலைகீழ்?

கேள்வி: ஐயா, ஒய் = எஃப்(எக்ஸ்) என்ற வரைபடத்தில் (4, 6) ஒரு புள்ளி. ஒய் = 3எஃப்(2எக்ஸ் − 6) + 1 என்ற வரைபடத்தில் அது எங்கே போகும் என்பது கணக்கு. 4-ஐ இரட்டித்து 6 கழித்தேன். 6-ஐ மும்மடங்காக்கி 1 கூட்டினேன். (2, 19) வந்தது. பக்கத்தில் உட்காருபவனுக்கு (8, 19). விடைப் பக்கத்தில் (5, 19). எஃப் என்ன சார்பு என்றே சொல்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பது?
— பிளஸ் ஒன் மாணவர், விருதுநகர்

பதில்: 19 இருவருக்கும் சரி, தம்பி. வெளியே இருக்கும் 3-உம் 1-உம் எழுதியிருக்கிறபடியே நடந்துகொள்ளும். வம்பெல்லாம் அடைப்புக்குறிக்குள்தான்.

எஃப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: உள்ளே 4 போனால் 6 வரும். ஆகவே உள்ளே 4 போயாக வேண்டும். 2எக்ஸ் − 6 = 4 என்றால் எக்ஸ் = 5. அவ்வளவுதான். நீங்கள் எக்ஸுக்கு 2 போட்டால் உள்ளே போவது −2. எஃப்(−2) எவ்வளவென்று யாரும் சொல்லவில்லையே! சந்தேகமிருந்தால் எஃப்(எக்ஸ்) = எக்ஸ் + 2 என்று வைத்துப் பாருங்கள். இதுவும் 4-க்கு 6 தரும். புதிய சார்பில் 5 போட்டால் 19. 2 போட்டால் வெறும் 1.

நண்பருக்கு உள்ளே எல்லாம் தலைகீழ் என்பது தெரிந்திருக்கிறது, வரிசைதான் பிசகிவிட்டது. 4-ஐப் பாதியாக்கி 6 கூட்டியிருக்கிறார். முதலில் 6 கூட்டி 10, பிறகு பாதி 5. பாதியாக்குவதைத்தான் முதலில் செய்வேன் என்றால் 2(எக்ஸ் − 3) என்று எழுதிக்கொண்டு, 2-உடன் 3-ஐக் கூட்டட்டும்.

கழித்தல் 3 ஏன் வலப்பக்கம் நகர்த்துகிறது? 4 மணிக்கு ஓர் ஊரைத் தொடும் பஸ் 3 மணி நேரம் தாமதமாகக் கிளம்பினால் அங்கே 7 மணிக்குத்தான் வரும். 7 மணிக்கு அது எங்கே என்று அறிய, பழைய அட்டவணையில் 7 − 3 = 4 மணியைப் பார்க்கிறோம்.

இதே வழியில் எஃப்(|எக்ஸ்|)-ஐயும் பாருங்கள். |எக்ஸ்| = 4 என்றால் எக்ஸ் 4 அல்லது −4; ஒரு புள்ளி இரண்டாகிவிடும். தந்த புள்ளி (−4, 6) என்றிருந்தால்? |எக்ஸ்| = −4 ஆகவே ஆகாது. அந்தப் புள்ளி புதிய வரைபடத்துக்கு வரவே வராது.