விரல்கள் படிக்கும் வாழ்த்து

1843ஆம் ஆண்டு இலண்டனில் ஹென்றி கோல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையை முதன்முதலாக அச்சிட்டு விற்பனைக்குக் கொண்டுவந்தார். குளிர்நாட்டில் பிறந்த அவ்வழக்கம் மலேசியாவில் தீபாவளி அட்டையாகவும் மலர்ந்தது. இன்றோ, வாழ்த்துகள் புலனத்தில் நொடியில் வந்துவிடுகின்றன. எனினும், கையால் செய்யும் அட்டைக்குத் தனிச்சிறப்பு உண்டு.

மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அமைந்துள்ள பிரிக்பீல்ட்சில் பார்வையற்றோர் பலரைக் காணலாம். கைப்பேசித் திரையில் வரும் கோலத்தை அவர்களால் தொட்டு உணர முடியாது.

கெட்டித் தாளை இரண்டாக மடித்து, குடும்பத்தினரும் கண்டு மகிழ, இரப்பர் அச்சால் விளக்கைப் பதிக்கலாம். துளைக்கருவியால் தடித்த தாளில் சிறு வட்டங்களை வெட்டி, இரண்டிரண்டாக அடுக்கி, கோலப் புள்ளிகளாக ஒட்டலாம். மேலெழுந்த அப்புள்ளிகளை விரல்கள் எளிதில் உணரும். உட்பக்கத்தில், 6 புள்ளிகளால் அமையும் பிரெயில் எழுத்தில் வாழ்த்தைப் பதித்தால், பெறுபவர் பிறர் உதவியின்றித் தாமே படித்து மகிழ்வார்.