கால்நடை மருத்துவர்களே, பயிற்சியோடு பனிமலையும்!

* இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமை வளாகம், பரேலி அருகே இஸத்நகரில் இருக்கிறது. அங்கே பயிற்சிக்கு இடம் கிடைத்தால், முடிந்த கையோடு காத்கோதாம் போய் டாக்ஸி பிடித்து முக்தேஸ்வர் ஏறிவிடுங்கள். சுற்றுலாவைப் பயிற்சிக்குப் பின் வைப்பதே நல்லது. முன்னால் வைத்தால் வகுப்பில் தூக்கம்தான் வரும்!

* முக்தேஸ்வரில், சுமார் 7,500 அடி உயரத்தில் தேவதாரு மரங்கள், வானம் தெளிந்தால் நந்தாதேவி, திரிசூலச் சிகரங்கள். நம் தொழிலுக்கும் இது தலம்தான். இந்த நிறுவனத்தின் முன்னோடியாக 1889-ல் புணேயில் தொடங்கிய ஆய்வகம் 1893-ல் இங்கே வந்தது. நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கோக் 1897-ல் வந்து மாடுகளின் வெக்கை நோயை (ரிண்டர்பெஸ்ட்) ஆராய்ந்தார். 1920-களில் எட்வர்ட்ஸ் என்ற ஆய்வாளர் அந்த நோய்க்கு, ஆடுகளின் வழியே வீரியம் குறைத்த தடுப்பூசியை உருவாக்கியதும் இங்கேதான். 2011-ல் அந்த நோயே உலகில் ஒழிந்தது. இங்குள்ள நிறுவன வளாகத்தைப் பார்க்க முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுங்கள்.

* அக்டோபர், நவம்பர் ஏற்ற மாதங்கள். மழைக்காலத்தில் மலைச்சாலை சரியும், அப்போது வேண்டாம்.

* அரசுப் பணியில் இருப்பவர்கள் பயிற்சி நாட்களையும் சொந்த விடுப்பையும் தனித்தனியாக எழுதிக் கொடுங்கள். பில்களும் தனித்தனியே.

* சொந்த கிளினிக் என்றால், தையல் பிரிக்க வேண்டிய நாய்களின் பட்டியலைப் பொறுப்பேற்கும் மருத்துவரிடம் கொடுங்கள். தடுப்பூசி ஃபிரிட்ஜுக்கு மின்சாரம் தடைப்பட்டால் யார் பார்ப்பது என்பதையும் பேசி வையுங்கள்.