டைனமோ கார் வச்சிருக்கியா தம்பி? அக்கா சொல்ற வரிசையில பாரு!

பழைய அம்பாசடர் மாதிரி டைனமோ வண்டியில பேட்டரி இறங்கினா, பலரும் முதல்ல ரெகுலேட்டர் மூடியைத் திறந்து ஸ்க்ரூவைத் திருகுவாங்க. நீ அதைச் செய்யாதே. அது கடைசி வேலை.

1. பெல்ட்: நடுவுல கட்டைவிரலால அழுத்தினா அரை அங்குலம் அமுங்கணும். தொளதொளன்னு இருந்தா சார்ஜ் ஏறாது. ரொம்ப இறுக்கினா பேரிங் போயிடும்.

2. ஒயர்: பேட்டரி டெர்மினல்ல பூத்திருந்தா சுரண்டி இறுக்கு. ரெகுலேட்டர் பாக்ஸோட எர்த்தைக் கட்டாயம் பாரு. அது விட்டுப்போனா வோல்டேஜ் கட்டுப்பாடில்லாம ஏறும்.

3. கார்பன் பிரஷ்: பேட்டரி ஒயரைக் கழற்றிட்டுப் பாரு. பிரஷ் கூட்டுக்குள்ள சிக்காம ஏறி இறங்கணும். கம்யூடேட்டரை பெட்ரோல் நனைச்ச துணியால துடை. கறை போகலேன்னா நைஸ் உப்புத்தாள் போடு. எமரி ஷீட் வேண்டவே வேண்டாம், துகள் செம்புல பதிஞ்சுடும்.

4. ஆயில்: பின்பக்க புஷ் ஓட்டையில ரெண்டு மூணு சொட்டு இன்ஜின் ஆயில் போதும். கூடினா கம்யூடேட்டர்ல வழியும்.

5. டைனமோ சோதனை: லூகாஸ் வகையில டி, எஃப்னு குறிச்ச முனைகளோட ஒயர்களைக் கழற்று. டைனமோவோட அந்த ரெண்டு முனையையும் சேர்த்து, அதுக்கும் பாடிக்கும் நடுவுல வோல்ட் மீட்டர் வை. ஐடிலிங்ல இருந்து மெதுவா ஆக்ஸிலரேட்டர் கொடு. முள் ஆடாம ஏறினா டைனமோ நல்லாருக்கு. 20 வோல்ட்டைத் தாண்ட விடாதே.

முள் ஏறவே இல்லையா? ஃபீல்டுல காந்தம் போயிருக்கலாம். இன்ஜினை நிறுத்தி, டி-எஃப் இணைப்பைப் பிரி. பேட்டரியில எர்த் ஆகாத முனையிலிருந்து ஒரு ஒயரை எஃப் முனையில ஒரு நொடி தொட்டு எடு. வேற கம்பெனி டைனமோவுக்கு முறை வேற. அதனால மேனுவல் பார்க்காம இதைச் செய்யாதே.

6. ரெகுலேட்டர்: இதுவரை எல்லாம் சரின்னா இப்போ மூடியைத் திற. பேட்டரி ஒயரைக் கழற்றிட்டுத்தான் பாயிண்ட்டைச் சுத்தம் பண்ணணும். வோல்டேஜ் செட்டிங்கை மேனுவல் அளவுப்படி சீக்கிரமா முடி. காயில் சூடானா அளவு மாறிடும்.

ஒண்ணை மட்டும் மறக்காதே. இன்ஜின் நின்ன பிறகும் ஆம்ப் மீட்டர் முள் டிஸ்சார்ஜ் பக்கம் ஒரேயடியா சாய்ஞ்சிருந்தா, ரெகுலேட்டர் பாக்ஸ்ல இருக்கிற கட்-அவுட் பாயிண்ட் ஒட்டிக்கிச்சுன்னு அர்த்தம். பேட்டரி கரண்ட் டைனமோவுக்குள்ள பாய்ஞ்சு ஒயர் எரியும். யோசிக்காம பேட்டரி ஒயரை எடு. அதுக்கான ஸ்பேனர் எப்பவும் வண்டியிலேயே இருக்கட்டும்.