மீன் உணவில் மீன்தூளுக்குப் பதிலான மலிவான புரத மூலங்கள்

1. அறிமுகம்

செறிவு முறையில் மீன் வளர்க்கும்போது உற்பத்திச் செலவில் பாதிக்கு மேல் உணவுக்கே செலவாகின்றது. அவ்வுணவில் விலை கூடிய கூறு மீன்தூள் ஆகும். 1 கி.கி. மீன்தூளைப் பெற ஏறத்தாழ 4 தொடக்கம் 5 கி.கி. பச்சை மீன் தேவை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் சூடை, நெத்தலி போன்ற சிறுமீன்கள் வருமானம் குறைந்த குடும்பங்களின் முக்கிய புரத உணவாகும். அவற்றை அரைத்து வளர்ப்பு மீனுக்கு இட்டால் மக்களின் உணவு குறையும். இறக்குமதியை நம்பியிருப்பதும் பாதுகாப்பானதன்று. மீன்தூள் உற்பத்தியில் முதலிடம் வகிக்கும் பெரு நாட்டில், எல் நினோ காரணமாக 2023 ஆம் ஆண்டின் முதலாவது நெத்தலிப் பருவம் இரத்துச் செய்யப்பட்டது. 2022 இல் இலங்கை ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபோது இறக்குமதிப் பொருட்கள் அனைத்தும் விலை உயர்ந்தன.

2. மீன்தூளின் சிறப்புகள்

- புரதம் 60% அளவில் உண்டு.
- அத்தியாவசிய அமினோவமிலங்கள் சமநிலையில் உள்ளன.
- இலகுவில் சமிபாடடையும். மணத்தால் மீனைக் கவரும்.

3. மாற்று மூலங்கள் (அண்ணளவான புரத வீதம்)

- சோயாத் தூள் - 44%
- எள்ளுப் பிண்ணாக்கு - 40%
- தேங்காய்ப் பிண்ணாக்கு - 20%
- உலர்ந்த முருங்கை இலைத் தூள் - 25%
- அரிசித் தவிடு - 12% (பிரதானமாகச் சக்தி மூலம்)

குடாநாட்டில் நல்லெண்ணெய் ஆட்டும்போது எள்ளுப் பிண்ணாக்கு துணைவிளைபொருளாகக் கிடைக்கின்றது. முருங்கை வீட்டு வேலிகளிலேயே உண்டு.

4. குறைபாடுகளும் தீர்வுகளும்

(அ) சோயாவில் லைசின் கூடுதல், மெதியோனின் குறைவு. எள்ளில் மெதியோனின் கூடுதல், லைசின் குறைவு. இரண்டையும் கலந்தால் ஒன்றின் குறையை மற்றையது நிரப்பும்.

(ஆ) பச்சைச் சோயாவிலுள்ள திரிப்சின் நிரோதிகள் புரதச் சமிபாட்டைத் தடுக்கும். வெப்பமேற்றுவதால் இவை அழியும்.

(இ) எள், சோயா ஆகியவற்றிலுள்ள பைற்றிக் அமிலம் பொசுபரசு, நாகம் ஆகியவற்றைப் பிணைத்து வைத்திருக்கும். எனவே கனியுப்புக் கலவை சேர்த்தல் வேண்டும்.

(ஈ) ஈரமான பிண்ணாக்கில் பூஞ்சணம் பிடித்து நச்சு உண்டாகும். மாரி காலத்தில் நன்கு உலர்த்தி, நிலத்தில் படாது பலகைமேல் வைக்க வேண்டும்.

கவனிக்க: அனைத்துண்ணியான திலாப்பியாவின் உணவில் மீன்தூளைப் பெருமளவு குறைக்கலாம். ஊனுண்ணியான கொடுவாவின் உணவில் அவ்வாறு செய்வது கடினம்.

5. மாதிரி வினா

30% புரதம் கொண்ட 100 கி.கி. திலாப்பியா உணவைத் தயாரிக்க வேண்டியுள்ளது. பியர்சன் சதுர முறையைப் பயன்படுத்தி,

(i) மீன்தூளும் தவிடும் மட்டும் சேர்த்தால் தேவையான மீன்தூளைக் காண்க.
(ii) மீன்தூள், சோயாத் தூள், எள்ளுப் பிண்ணாக்கு ஆகியவற்றைச் சம அளவில் கலந்து தவிட்டுடன் சேர்த்தால் சேமிக்கப்படும் மீன்தூளைக் காண்க.

விடை

(i) மீன்தூள் = 30 − 12 = 18 பங்கு
தவிடு = 60 − 30 = 30 பங்கு
மீன்தூள் = 18 ÷ 48 × 100 = 37.5 கி.கி.

(ii) கலவையின் புரதம் = (60 + 44 + 40) ÷ 3 = 48%
கலவை = 30 − 12 = 18 பங்கு
தவிடு = 48 − 30 = 18 பங்கு
எனவே கலவை 50 கி.கி., தவிடு 50 கி.கி.
மீன்தூள் = 50 ÷ 3 = 16.7 கி.கி.
சேமிப்பு = 37.5 − 16.7 = 20.8 கி.கி.

சரிபார்த்தல்: கலவையிலிருந்து 24 கி.கி. புரதமும் தவிட்டிலிருந்து 6 கி.கி. புரதமும் கிடைக்கும். மொத்தம் 30 கி.கி.

சேமித்த 20.8 கி.கி. மீன்தூள் ஏறத்தாழ 80 தொடக்கம் 100 கி.கி. வரையான பச்சை மீனுக்குச் சமம்.

6. நினைவில் கொள்க

மாற்று மூலத்தைத் தெரிவு செய்யும்போது புரத வீதத்தை மட்டும் எழுதினால் விடை முழுமையடையாது. அமினோவமிலச் சமநிலை, சமிபாடு, நச்சுத்தன்மை, விலை, உள்ளூரில் கிடைக்கும் தன்மை ஆகிய ஐந்தையும் குறிப்பிடுக.