பிக்கப் வண்டிக்குப் பக்கப் படியா, கல்தாங்கியா?

காய்கறி, பூ, வாழைத்தார் ஆகியவற்றைச் சந்தைக்குக் கொண்டு செல்லப் பிக்கப் வண்டி வைத்திருக்கும் விவசாயிகள் இன்று பலர். தனியாக வாங்க இயலாதவர்கள் அண்ணன் தம்பியாகவோ, பக்கத்துத் தோட்டத்தாருடன் பங்கு சேர்ந்தோ வாங்குகிறார்கள். வண்டி வந்த சில நாட்களிலேயே கதவுக்குக் கீழே ஏதாவது ஒன்றை மாட்ட வேண்டும் என்ற பேச்சு எழும். வீட்டுப் பெரியவருக்குக் கேபின் உயரமாக இருக்கிறது; ஏற முடியவில்லை. அல்லது தோட்டத்துப் பாதையில் கல் இடித்து, கதவின் கீழ்த் தகடு நசுங்கிவிட்டது. இவை வேறு வேறு தொல்லைகள். இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல. கடையில் பளபளவென்று தொங்குவதை வாங்கி மாட்டிவிட்டு, அது காலுக்கும் உதவாமல் கல்லுக்கும் உதவாமல் போவது உண்டு.

பக்கப் படி என்பது மனிதர் ஏறி இறங்குவதற்கு. அது தாங்க வேண்டியது ஓர் ஆளின் எடையையும், அவர் கையில் இருக்கும் சுமையையும்தான். ஆகையால் மெல்லிய குழாயிலோ அலுமினியத்திலோ செய்து, சிறு பிராக்கெட்டுகளில் மாட்டுகிறார்கள். பட்டறைகளில் ராக் ஸ்லைடர் என்று சொல்லப்படுவது வேறு. வண்டி ஒரு பாறையின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டால், அந்தப் பக்கத்துப் பாரத்தைத் தன் மேல் வாங்கிக்கொண்டு கல்லின் மேல் சறுக்கிச் செல்ல வேண்டிய கனத்த இரும்புச் சட்டம் அது. கல்தாங்கி என்று சொன்னால் அதன் வேலை விளங்கும். படியைக் கல்தாங்கியாக எண்ணிப் பாறையில் ஏற்றினால் படி மடங்கி மேலே எழும்பிக் கதவையும் நசுக்கும்.

கொல்லிமலை, ஜவ்வாது மலை, தாண்டிக்குடி போன்ற இடங்களில் தார்ச் சாலையை விட்டுத் தோட்டத்துக்குள் இறங்கும் பாதைகளில் கல்தாங்கிக்கு வேலை இருக்கிறது. மழை மண்ணை அரித்துக்கொண்டு போக, பாறை தலைநீட்டி நிற்கும். சமவெளியில் வாய்க்கால் கரையும் வண்டிப் பாதையும் மட்டும் உள்ள விவசாயிக்குக் கல்தாங்கி வீண் செலவு. அவருக்கு நல்ல படி ஒன்று போதும். ‘குட்டி யானை’ என்று ஊரில் அழைக்கப்படும் சிறு சரக்கு வண்டிகளில் ஓட்டுநர் ஏறக்குறைய முன் சக்கரத்தின் மேலேயே அமர்கிறார். அவற்றுக்கு இந்தப் பேச்சே பொருந்தாது. முன்னால் பானெட் நீண்டு, கேபினும் சரக்குத் தொட்டியும் தனியாக உள்ள வண்டிகளுக்கே இது பொருந்தும்.

அளவு பார்ப்பது எப்படி?

இதில் ஒரு சிக்கல் உண்டு. காலுக்கு நல்ல படி தாழ்ந்து இருக்க வேண்டும். கல்லுக்குத் தப்ப வேண்டுமானால் உயர்ந்து இருக்க வேண்டும். உதாரணமாக, கேபின் தளம் தரையிலிருந்து 66 செ.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். படி சரிபாதியில், அதாவது 33 செ.மீ.யில் இருந்தால்தான் வயதானவர் முழங்கால் வலியின்றி ஏறுவார். ஆனால் கதவின் கீழ் விளிம்பு 50 செ.மீ. உயரத்தில் இருந்தால், அந்தப் படி 17 செ.மீ. கீழே தொங்குகிறது. இதுவரை உரசாமல் கடந்த மேடு இனிமேல் படியில் இடிக்கும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் இருப்பதால் வரப்பு, வாய்க்கால் மேடு, சிறுபாலத்தின் முதுகு ஆகியவற்றில் முதலில் மாட்டுவது இந்தப் பகுதியே.

வாங்குவதற்கு முன் இதைக் கண்டுபிடிக்க ஒரு கம்பு போதும். படி எந்த உயரத்தில் தொங்கும் என்று கடையில் கேட்டு, கம்பில் அந்த இடத்தில் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு வண்டியில் வழக்கமான பாரத்தை ஏற்றி, தம் பாதையிலேயே மிக மோசமான இடத்தில் நிறுத்த வேண்டும். கதவின் கீழ் விளிம்புக்கும் அதன் கீழே உள்ள கல் அல்லது மேட்டுக்கும் எவ்வளவு இடைவெளி என்று கம்பால் அளக்க வேண்டும். படி தொங்கும் நீளத்தைக் கழித்தபின் நான்கு விரல் இடைவெளியாவது மிஞ்சவில்லை என்றால், அந்தப் படி அந்தப் பாதைக்கு ஆகாது. காலி வண்டியில் அளந்து ஏமாறக் கூடாது. மூட்டை ஏறியதும் பட்டை வில்கள் அமுங்கி வண்டி தாழ்ந்துவிடும்.

படியின் மேற்பரப்பும் முக்கியம். பளபளக்கும் உருண்டைக் குழாய் பார்க்க அழகு. சேற்றுக் காலுக்கு அது எமன். பாதத்தின் முன்பாதி முழுவதும் ஊன்றும்படி, குறைந்தது 15 செ.மீ. அகலமுள்ள தட்டையான படியே நலம். மேலே செக்கர் பிளேட்டோ துளையிட்ட தகடோ இருந்தால் சேறு தங்காது. கைப்பிடி இல்லாத படி அரைப் படிதான். ஏறும்போதும் இறங்கும்போதும் இரு கைகளும் ஒரு காலும், அல்லது இரு கால்களும் ஒரு கையும் எப்போதும் வண்டியைப் பற்றியிருக்க வேண்டும். வண்டிக்கு முகம் காட்டியே இறங்க வேண்டும்.

கல்தாங்கி வாங்குவோர் கவனத்துக்கு

கல்தாங்கி எங்கே பிடிக்கப்பட்டிருக்கிறது என்பதை முதலில் குனிந்து பார்க்க வேண்டும். கேபின் தகட்டில் பிடித்திருந்தால் அது எவ்வளவு கனமாக இருந்தாலும் பயனில்லை. கல் தரும் இடி நேராகக் கேபினுக்குப் போகும். அது சேசிஸில் பிடித்திருக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு மூன்று கைகளாவது வேண்டும். கல்தாங்கிக்கும் கதவின் கீழ் விளிம்புக்கும் இடையே இரண்டு விரல் நுழையும் இடைவெளி இருக்க வேண்டும். பாரம் வந்தால் இரும்பு சற்று வளையும்.

சேசிஸில் நினைத்த இடத்தில் வெல்டிங் வைப்பதும் துளை போடுவதும் தவறு. சூட்டினால் அந்த இடம் பலம் குறைந்து, பாரம் ஏற்றிய வண்டியில் நாளடைவில் விரிசல் விழலாம். சேசிஸை ஒட்டியே பிரேக் குழாய், டீசல் குழாய், மின் வயர் ஆகியவையும் செல்கின்றன. ஏற்கெனவே உள்ள துளைகளிலோ, சேசிஸைச் சுற்றிப் பிடிக்கும் கிளாம்ப்பிலோ போல்ட் போட்டு இறுக்குவதே சரி. போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வண்டியோடு சேர்த்து ஏதேனும் வெல்டிங் செய்யத்தான் வேண்டும் என்றால் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் இன்ஜினை நடத்துவதே மின்னணுப் பெட்டிதான். அது கெட்டால் கல்தாங்கியின் விலையைவிடச் செலவு கூடும்.

மாட்டிய பட்டறையிலேயே ஒரு சோதனை செய்யலாம். சமதரையில், காலி வண்டியின் மற்றச் சக்கரங்களுக்கு முட்டுக்கல் வைத்து, கல்தாங்கியின் நடுவில் ஜாக்கி கொடுத்து மெதுவாகத் தூக்க வேண்டும். அந்தப் பக்கம் நன்றாக எழும்பிய பிறகும் கதவு தடையின்றித் திறந்து மூடினால், கல்தாங்கி கேபினில் முட்டாமல் நின்றால், வேலை சரி. இந்தச் சோதனைக்கு ஒப்புக்கொள்ளாத பட்டறைக்காரரிடம் வேலை கொடுக்காமல் இருப்பதே மேல். சோதனையின்போது வண்டிக்கு அடியில் எவரும் போகக் கூடாது.

எடையையும் கணக்கில் கொள்ள வேண்டும். 48 மி.மீ. விட்டமும் 4 மி.மீ. கனமும் உள்ள இரும்புக் குழாய் மீட்டருக்கு ஏறக்குறைய 4.4 கிலோ. ஒன்றரை மீட்டர் நீளத்தில் இரண்டு குழாய், கைகள், தகடுகள் எல்லாம் சேர்ந்து ஒரு பக்கத்துக்கு 20 கிலோ வரும். இரு பக்கமும் 40 கிலோ. ஏறக்குறைய ஒரு யூரியா மூட்டையை இறக்காமலே எந்நாளும் சுமந்து செல்வதற்குச் சமம் இது.

படியும் வேண்டும், கல்லும் தொல்லை என்றால், கல்தாங்கியை உயர்த்தி மாட்டி, அதிலிருந்து ஒரு சிறு படியை ரப்பர் பெல்ட்டில் தொங்கவிடலாம். மண் அள்ளும் பெரிய இயந்திரங்களில் கீழ்ப் படியை இப்படித்தான் தொங்கவிடுகிறார்கள். கல்லில் பட்டால் வளைந்து கொடுத்துத் திரும்பிவிடும். பழைய கன்வேயர் பெல்ட் துண்டு இதற்கு ஏற்றது. அதுவும் வேண்டாம் என்றால் ஒரு கனமான மரப் பலகை முக்காலியைக் கேபினில் போட்டுக்கொள்ளலாம். பெரியவர் ஏறுவது நாளுக்கு இரண்டு முறைதானே!

உண்மையில் அதிகம் ஏறி இறங்கும் இடம் கதவு அல்ல, பின்புறச் சரக்குத் தொட்டி. கூடையும் மூட்டையும் ஏற்றும் ஆண்களும் பெண்களும் சக்கரத்தின் மேல் கால் வைத்தும் பின்கதவின் கொண்டியைப் பிடித்தும் ஏறுகிறார்கள். பணம் ஒரே ஒரு படிக்குத்தான் இருக்கிறது என்றால், அதைப் பின்புறத்தில், மடக்கி வைக்கும் விதமாக, பக்கத்தில் ஒரு கைப்பிடியுடன் போடுவதே பெரும்பாலான சிறு விவசாயிகளுக்குப் பொருத்தம். நம்பர் பிளேட்டும் பின் விளக்குகளும் மறையக் கூடாது.

சட்டம்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. சட்டம் அனுமதிக்காத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இடம் தருகிறது. ஆகையால் வண்டி நிறுவனமே அந்த மாடலுக்கு விற்கும் படி கிடைத்தால் அதுவே பாதுகாப்பு. பட்டறையில் செய்வதானால், குறிப்பாகக் கல்தாங்கி போன்ற கனத்த வேலைக்கு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டிக் கேட்டுக்கொள்வது நலம். வண்டியின் பக்கவாட்டு அகலத்தைத் தாண்டி எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

படி இருக்கிறது என்பதற்காக ஓடும் வண்டியில் ஆள் நின்று வருவது அதே சட்டத்தின் 123ஆம் பிரிவின்படி குற்றம். களை எடுக்கும் ஆட்களை அரைக் கிலோமீட்டர்தானே என்று படியில் நிற்க வைத்து அழைத்து வருவது கிராமங்களில் காணும் வழக்கம். கால் தவறினால் அவர் விழும் இடம் பின் சக்கரத்துக்கு நேர் முன்னால்.

மாட்டிய முதல் வாரத்தில் ஒருமுறையும், பிறகு மாதம் ஒருமுறையும் போல்ட்டுகளை இறுக்கிப் பார்க்க வேண்டும். யூரியா, பொட்டாஷ் ஏற்றிய நாளில் படியையும் பிராக்கெட்டையும் நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும். உரத்தூள் ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பைத் தின்றுவிடும். குழாயின் அடியில் ஒரு சிறு வடிகால் துளை இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துக்கொண்டால், உள்ளே நீர் தங்கி மக்குவதைத் தடுக்கலாம்.