கதையோடு கற்பியுங்கள்

கேள்வி: என் சீன மொழி மாணவர்கள் 'செங்யூ' மரபுத்தொடர்களை மனப்பாடம் செய்கிறார்கள், பேச்சில் ஒன்றுகூட வருவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: பட்டியல் கொடுப்பதை நிறுத்துங்கள். செங்யூ பெரும்பாலும் நான்கே எழுத்து. பழஞ்சீன இலக்கணத்தில் இறுகிக் கிடக்கும். பலவும் கதை தெரியாமல் பிடிபடாது. 'பாம்புக்குக் கால் வரைதல்' என்ற தொடரைப் பாருங்கள். பண்டைச் சீனாவின் சூ நாட்டில் ஒரு கிண்ணம் மது; பலருக்குப் போதாது. முதலில் பாம்பை வரைந்து முடிப்பவருக்கே அது என்று போட்டி. முந்தி முடித்தவர் சும்மா இராமல் கால்களும் வரைந்தார். காலுள்ளது பாம்பே இல்லை என்று மதுவை இன்னொருவர் பறித்துக் குடித்துவிட்டார். கதையை மாணவர்களே சொல்லட்டும். இது குறைசொல்லும் தொடர், பாராட்டில் வராது என்பதை அன்றே சொல்லிவிடுங்கள். பெரும்பாலோர் சறுக்குவது அங்கேதான். வாரத்துக்கு இரண்டு தொடர் போதும்.